மனித சுபாவமும் மனிதர் இயற்றிய சட்டமும்

மனிதன் சுபாவத்திலே நல்லவனா, கெட்டவனா? இக்கேள்வி திண்ணையில் அமர்ந்து பொழுது போக்குவோருக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு தேசத்தின் சட்டமும், பள்ளிக்கூடமும், சிறைச்சாலையும், இக்கேள்விக்கு அத்தேசத்தார் தம் மனத்துள் கொண்டிருக்கும் விடையின் மீதே கட்டப்படுகின்றன. விடை பிழைபட்டால், அதன் பலனை அநுபவிப்பவர் தத்துவ சாஸ்திரிகள் அல்லர், ஏழை எளியவர்களே. ஆதலின் இவ்விஷயத்தில் அறிஞர் கூறியது யாது, ஆள்வோர் செய்தது யாது என்று சற்று ஆராய்தல் தகும்.

சீன தேசத்தில் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்ஷியஸ் என்னும் ஆசிரியர், மனித சுபாவம் நன்மையின்பாற் சாய்வது என்றார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைத் திடீரெனக் காண்பவன் எவனாயினும், பெற்றோரின் நட்பையோ ஊராரின் புகழையோ கருதாமல் அக்கணமே நெஞ்சு பதறுவான். அப்பதற்றமே அறத்தின் வித்து என்பது அவர் காட்டிய சான்று. ஒரு மலையின் மரங்களை நாள்தோறும் கோடரியால் வெட்டி, எஞ்சிய தளிர்களையும் ஆடுமாடுகள் மேயும்படி விட்டுவிட்டால், பின்னர் வருவோர் அம்மலை இயற்கையிலேயே மொட்டை என்று நினைப்பர். கெட்டுப்போன ஒருவனைக் கண்டு, அவன் பிறவியே கெட்டது என்பதும் அத்தகைய மயக்கமே என்றார் அவர்.

அடுத்த நூற்றாண்டில் தோன்றிய ஷூன்ஸி இதனை மறுத்தார். மனித சுபாவம் கெட்டதே. கோணிய மரத்தை ஆவியில் வாட்டி அழுத்தி நிமிர்த்துவதுபோல், கல்வியாலும் ஒழுக்க விதிகளாலும் மனிதனைத் திருத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. எனினும், அவர் எவரையும் விலக்கவில்லை. மகான்களுக்கும் கொடுங்கோலர்களுக்கும் பிறவிச் சுபாவம் ஒன்றே என்றும், தெருவிற் போகும் எவனும் முயன்றாற் சான்றோனாகலாம் என்றும் அவரே கூறினார். நேர் எதிரிகளாகத் தோன்றும் இவ்விருவரும் இவ்வொன்றில் உடன்பட்டிருத்தலை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

ஐரோப்பாவிலும் இவ்விவாதம் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் அரசனுக்கும் பார்லிமெண்டுக்கும் போர் மூண்டிருந்த காலத்தில் பாரிஸ் நகரில் புகலடைந்திருந்த தாமஸ் ஹாப்ஸ், 1651-இல் ‘லெவயதன்’ என்னும் நூலை வெளியிட்டார். அனைவரையும் அடக்கியாளும் அதிகாரம் ஒன்று இல்லாவிடின் மனிதர் ஒருவரையொருவர் அஞ்சி ஓயாது பகைத்திருப்பர் என்பது அவர் வாதம். சட்டமும் காவலரும் இருக்கும்போதே, உறங்கப் போகுமுன் கதவைத் தாழிடுகிறோம். வீட்டிற்குள்ளேயே பெட்டியைப் பூட்டுகிறோம். இச்செய்கையினால் நம் அண்டை வீட்டாரைப் பற்றியும், நம் வேலைக்காரரைப் பற்றியும், நம் மக்களைப் பற்றியுமே நாம் கொண்டுள்ள அபிப்பிராயம் வெளிப்படவில்லையா என்று அவர் வினவினார். இவ்வினாவிற்கு விடை கூறுதல் எளிதன்று. ஆயினும், அவர் சொன்ன மருந்தோ, எல்லோரும் தம் உரிமையை ஒரு பேரதிகாரத்தின் கையில் ஒப்புவித்துவிடுதல் என்பது. அவ்வதிகாரத்தைச் செலுத்துபவனும் மனிதன்தானே? மரநாய்க்கும் நரிக்கும் அஞ்சியவர் சிங்கத்தினிடம் அடைக்கலம் புகுதல் எவ்வகை விவேகம் என்று ஜான் லாக் 1689-இல் கேட்டது பொருத்தமே. பின்னர் ரூஸோ 1755-இல் எழுதிய நூலில், இயற்கை மனிதன் இரக்கமுள்ளவன், சொத்துரிமையும் ஏற்றத்தாழ்வுமே அவனைக் கெடுத்தன என்று மறுகோடிக்குச் சென்றார்.

இலக்கியத்தில் இவ்விவாதம் கதையுருப் பெற்றது. 1857-இல் பாலன்டைன் என்பவர் எழுதிய ‘பவளத் தீவு’ என்னும் ஆங்கில நாவலில், பசிபிக் சமுத்திரத் தீவொன்றில் ஒதுங்கிய மூன்று ஆங்கிலச் சிறுவர் ஒழுங்கும் தீரமும் மிக்கவராய் வாழ்கின்றனர். கொடுமையெல்லாம் கடற்கொள்ளைக்காரரிடமும் தீவுவாசிகளிடமுமே காணப்படுகிறது. இரண்டாவது உலக யுத்தத்தில் கடற்படையில் ஊழியம் செய்தவரும் பள்ளி ஆசிரியருமான வில்லியம் கோல்டிங், 1954-இல் தாம் வெளியிட்ட ‘லார்ட் ஆப் தி பிளைஸ்’ என்னும் நாவலில் இதற்கு மறுப்புரைத்தார். அவர் கதையிலும் ஆங்கிலச் சிறுவர் தீவில் ஒதுங்குகின்றனர். ஆனால் சில காலத்திற்குள் கூட்டம் பிரிந்து கொலையிலும் இறங்குகின்றனர். தீமை அயலானிடம் மட்டும் இல்லை, நம் பிள்ளைகளிடத்தும் உண்டு என்று தம் ஜாதியாருக்கே அவர் எடுத்துரைத்ததை நாம் பாராட்டுகிறோம்.

கதை இவ்வாறிருக்க, நிகழ்ச்சி வேறு விதமாயிற்று. 1965-இல் பசிபிக் சமுத்திரத்து டோங்கா நாட்டு மாணவர் அறுவர் ஒரு படகில் புறப்பட்டுப் புயலில் அகப்பட்டு, ஆளற்ற அட்டா தீவில் ஒதுங்கினர். ஓராண்டிற்கு மேல் அங்கே இருந்தனர். தீயை அணையாமற் காத்தனர், தோட்டமிட்டனர், முறை வைத்து வேலை செய்தனர், கால் முறிந்த தோழனுக்குக் கட்டுப்போட்டு நலம் பெறச் செய்தனர். 1966-இல் அவ்வழி வந்த ஆஸ்திரேலியர் ஒருவரின் படகு அவர்களை மீட்டது. எந்தச் சமுத்திரத்து மக்களைப் பழைய நாவல் கொடியராகச் சித்திரித்ததோ, அச்சமுத்திரத்துப் பிள்ளைகளே அவர்கள்! அறுவர் நற்செய்கையால் மனித குலம் முழுதும் நல்லது என்று நாம் ஸ்தாபித்துவிடவில்லை. கொடியவர் என்று ஒரு ஜனத்திற்கு முத்திரையிடுதல் எத்துணைப் பேதைமை என்பதற்கே இதனை எடுத்துக் காட்டினோம்.

நிற்க. நூல்களில் இட்ட முத்திரை நூல்களோடு நின்றுவிடுவதில்லை. நம் தேசத்தில் அது சட்டமாயிற்று. 1871-இல் ஆங்கில சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். 1911-ஆம் வருஷச் சட்டத்தின் மூலம் அது சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒரு கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரையினர் என சர்க்கார் விளம்பரம் செய்துவிட்டால், அவ்விளம்பரத்தின் நியாயத்தை எந்த நியாயஸ்தலமும் விசாரித்தலாகாது. கூட்டத்தார் கைரேகை பதிய வேண்டும்; குறித்த வேளையில் ஆஜராக வேண்டும்; அநுமதியின்றி ஊரைவிட்டு நகர்தலாகாது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கவும் சட்டத்தில் இடமிருந்தது. மதுரை ஜில்லா உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி, கைரேகை பதிய மறுத்த மக்கள்மீது போலீஸார் சுட்டதில் 16 பேர் மாண்டனர். அவருள் ஒருவர் பெண்.

செய்த குற்றத்திற்குத் தண்டனை விதித்தல் நீதி. பிறந்த குற்றத்திற்குத் தண்டனை விதிப்பதை எந்த நீதியில் சேர்ப்பது? ஷூன்ஸியும் ஹாப்ஸும் மனிதரனைவரையும் பற்றியே பேசினர். இச்சட்டத்தை இயற்றியோர், தம்மை விலக்கிக்கொண்டு பிறரை மட்டும் பிறவிக் கேடர் என்றனர். மலையை மொட்டையடித்துவிட்டு, மலையின் சுபாவமே அது என்றனர்.

சென்னை மாகாணத்தில் 1947-இலும், தேச முழுவதிலும் 1952 ஆகஸ்டு 31-ஆம் தேதியிலும் இச்சட்டம் ஒழிந்தது. ஆயின் எண்ணம் ஒழிந்ததா? சிறைச்சாலை விதிகளில் ஜாதி பார்த்து வேலை பகிர்வதும், சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகக் கருதுவதும் அரசியல் சட்டத்திற்கு முரணானவை என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது 2024 அக்டோபர் 3-ஆம் தேதியில்தான். சட்டம் மறைந்து எழுபத்திரண்டு ஆண்டுகளாகியும் அதன் நிழல் விதிப் புஸ்தகங்களில் இருந்து வந்திருக்கிறது.

இதற்கு ஆங்கிலேயரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நியாயஸ்தலத்தில் நாம் பன்முறை கண்டதுண்டு: தன் பிழையைப் பற்றிப் பேசுபவன், ‘அன்றைய நிலைமை அப்படி, வேறு வழியில்லை’ என்கிறான். பிறன் பிழையைப் பற்றிப் பேசும்பொழுதோ, அவனே ‘அவன் குணமே அது’ என்கிறான். தனக்குச் சந்தர்ப்பம், பிறனுக்குச் சுபாவம்! இப்பழக்கம் வீட்டிலும் உண்டு, பள்ளியிலும் உண்டு. களவு போனவுடன் வேலைக்காரியின் மூட்டையை அவிழ்க்கச் சொல்லும் எஜமானியிடமும், ஊர்ப்பெயர் கேட்டவுடனே மாணவனைக் கடைசிப் பலகைக்கு அனுப்பும் உபாத்தியாயரிடமும் குற்றப் பரம்பரைச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது.

மனிதன் நல்லவனா, கெட்டவனா என்பதை அறிஞர் இன்னும் பல்லாண்டு வாதிக்கட்டும். பிறப்பினால் உயிர்களுக்குள் பேதமில்லை, பேதம் செயலால் விளைவது என்னும் திருவள்ளுவர் கொள்கையே நமக்குப் போதிய வழிகாட்டி. பிறர் சுபாவத்தைப் பற்றித் தீர்ப்புக் கூற விரும்புவோர், அத்தீர்ப்பை முதலில் தமக்குப் பொருத்திப் பார்க்கக் கடவர். தமக்குப் பொருத்தச் சம்மதியாத எவ்விதியையும் பிறருக்கு விதிக்க அவர்களுக்கு உரிமையில்லை என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.