கோடிச் சேலை என்னும் ஆவணம்

கோவில்பட்டிச் சுற்று வட்டாரக் கரிசல் மண்ணில் ஒரு பெண் இறந்துவிட்டால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து சேரக் காத்திருப்பார்கள். ஐம்பது வருடம் புகுந்த வீட்டில் பாடுபட்டவளாக இருந்தாலும், அவள் எந்த ஊர்ப் பிள்ளை என்பதை ஊரறியக் கடைசியாகச் சொல்வது அந்தச் சேலைதான். இதை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது 1989இல். அதற்கு முன் மணமாகிப் போனவர்களுக்கு அந்தச் சட்டத்திலும் இடமிருக்கவில்லை. பத்திரமும் பட்டாவும் பேசாத உறவைத் தாய்மாமன் சீரும் கோடியும் பேசின. கரிசல் பெண்ணுக்குத் துணிதான் குடும்ப ஆவணம் என்பது என் கருத்து.

கட்டிய சேலை கிழியும்வரை சேலையாகவே இருந்துவிடுவதில்லை. பருத்திக் காட்டில் அது மடி. எடுத்த பருத்தியெல்லாம் அதற்குள்தான். நைந்து மெதுவானதும் வேலமரக் கிளையில் பிள்ளைக்குத் தொட்டில். பிறகு விரிப்பு, சும்மாடு, அடுப்படியில் கரித்துணி. ஒரு வீட்டின் பிறப்பையும் உழைப்பையும் இத்தனை அருகிலிருந்து பார்த்த பொருள் வேறில்லை. அந்த மண்ணின் பருத்திக்கோ பதிவு இருக்கிறது. மானாவாரியில் விளையும் கருங்கண்ணிப் பருத்தியை ஆராய்ந்த கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. கே-11 போன்ற ரகங்களுக்கு எண்ணும் வரலாறும் உண்டு. அந்தப் பருத்தியை எடுத்த கைகள் உடுத்திய துணிக்குத்தான் ஒரு வரிக் குறிப்பும் இல்லை.

வங்கத்துக் காந்தா போலவோ நீலகிரித் தோடர்களின் பூத்தையல் போலவோ கரிசலுக்குப் பெயர்பெற்ற தையல் கலை ஏது என்று கேட்கலாம். உண்மைதான். இங்கே நினைவு அலங்காரத்தில் தங்கவில்லை, புழக்கத்தில் தங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை பயின்ற ஹேமா ஷிரோனி, வீட்டையும் இடப்பெயர்வையும் ஊசி நூலால் துணியில் எழுதுகிறார். அதைக் கலைக்கூடங்கள் ஏற்கின்றன. தைத்துச் சொன்ன நினைவு கலை என்றால், உடுத்தியே சொன்ன நினைவைக் கந்தல் என்று தள்ள நியாயமில்லை. இன்னொரு மறுப்பு கனமானது: ஒட்டுப் போட்ட துணி வறுமையின் அடையாளம், அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பது கொடுமை. அழகு பார்க்கத்தான் வைப்பதென்றால் இந்த மறுப்பை ஏற்கிறேன். ஆனால் ஒட்டுப் போட வேண்டி வந்தது ஏன், எந்தப் பஞ்சத்தில், யாருக்குப் புதுத்துணி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவைத்தால் அந்தத் துணி வறுமையை மறைக்காது. அதற்குச் சாட்சி சொல்லும்.

இப்படி எழுதிவைக்க வழி காட்டியவர் இதே மண்ணில்தான் இருந்தார். இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன், இலக்கியம் மதிக்காத பேச்சுச் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். அவருடைய நினைவரங்கம் கோவில்பட்டியில் 2022இல் திறக்கப்பட்டது. அங்கே ஓர் அறையைத் துணிகளுக்கு ஒதுக்கலாம்: தொட்டில் சேலை, சும்மாடு, மடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதை உடுத்தியவரின் ஊரும் பேரும், வீட்டார் சம்மதத்தோடு. அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டு மரப்பெட்டியில் மடித்துக் கிடக்கும் பழஞ்சேலை யாருடையது என்று, தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி அதற்குள் வையுங்கள்.