கைக்கு ஏற்ற கழுத்து

நுழையும்முன்

இசைக்கருவியை வாசிக்க மனிதன் தன் கையைப் பழக்குகிறான். சில வேளைகளில், தன் கைக்கும் தன் இசைக்கும் ஏற்பக் கருவியையே மாற்றி அமைக்கிறான். அம்மாற்றம் எப்போது தேவை, எதுவரை செல்லலாம் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வயலின் வடிவில் ஓர் அரங்கம்

பெங்களூரு மல்லேஸ்வரம் பகுதியில் சௌடையா நினைவு அரங்கம் அமைந்துள்ளது. 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அக்கட்டடம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டது. தந்திகள், முறுக்காணிகள், வில் ஆகியவற்றையும் அதன் புறத்தோற்றத்தில் காணலாம். அங்குள்ள தந்திகளை எண்ணிப் பார்ப்பவர் வியப்படைவர். வயலினுக்கு உரிய தந்திகள் நான்கு. அந்த அரங்க வயலினுக்கோ ஏழு.

மைசூர் தி. சௌடையா (1895-1967) கையாண்ட வயலினின் வடிவம் அது. அவர் வாசிக்கத் தொடங்கிய காலத்தில் கச்சேரி மேடைகளில் ஒலிபெருக்கி இல்லை. பாடகரின் குரலோடு இணைந்து ஒலிக்கும் வயலின், கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்பதில்லை. எனவே அவர் மூன்று தந்திகளைக் கூடுதலாகச் சேர்த்து நாதத்தின் வலிமையைப் பெருக்கினார். தேவை முதலில் எழுந்தது. மாற்றம் அதனைத் தொடர்ந்தது.

தேவை தந்த வடிவங்கள்

சௌடையாவுக்குப் பின்னரும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்தன. மரபான மண்டலினில் எட்டுத் தந்திகள் இரண்டிரண்டாக இணைந்திருக்கும். கருநாடக இசைக்குரிய கமகங்களை இணைத்தந்திகளில் இழைத்து வாசிப்பது கடினம். உ. ஸ்ரீநிவாஸ் (1969-2014) ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின் மண்டலினைக் கையாண்டு அத்தடையைக் கடந்தார்.

ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். வீணையின் தந்தியை மெட்டின்மீது பக்கவாட்டில் இழுத்துக் கமகம் எழுப்புவர். அங்கே இரு மெட்டுகளுக்கு இடையே தந்தியின் கீழ் வெற்றிடம் இருப்பதால் விரல் எதிலும் உரசுவதில்லை. கிட்டாரிலோ விரல்நுனி மரப்பலகையில் உரசுகிறது. 1970களில் 'சக்தி' இசைக்குழுவில் வாசித்தபோது, மெட்டுகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்ட கிட்டாரை அவர் பயன்படுத்தினார். அதில் தந்தியை எளிதாக இழுக்க முடிந்தது. ஆயினும் அத்தகைய பலகையில் தந்தியை மிகையாக அழுத்தினால் சுருதி உயர்ந்துவிடும். ஒரு வசதியைப் பெற்றவர் புதிய கட்டுப்பாடு ஒன்றையும் பழக வேண்டியதாயிற்று.

வலி எங்கே பிறக்கிறது?

இசையின் தேவைக்காக மட்டுமன்றி, வாசிப்பவரின் உடல் தேவைக்காகவும் கருவி மாற்றப்படுவது உண்டு. மின்கிட்டாரின் கழுத்து அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கிட்டாரின் நீண்ட கைப்பிடிப் பகுதியே கழுத்து எனப்படும். அதன் முன்புறம் விரற்பலகையும், அதன்மேல் மெட்டுகள் எனப்படும் உலோகக் கம்பிகளும் உள்ளன. பின்புறத்தைக் கட்டைவிரலும் உள்ளங்கையும் தாங்குகின்றன. கழுத்தின் மேல்முனை பொதுவாக 42 அல்லது 43 மில்லிமீட்டர் அகலமுடையது. தடிமன் 20 முதல் 23 மில்லிமீட்டர் வரை வேறுபடும். பின்புற வளைவின் குறுக்குவெட்டு 'சி', 'டி', 'வி' என்னும் ஆங்கில எழுத்துகளுள் ஒன்றை ஒத்திருக்கும்.

சிறிய கையுடையவர் தடித்த கழுத்தைப் பற்றும்போது கட்டைவிரல் மிகுதியாக விரிகிறது, மணிக்கட்டு மடங்குகிறது. நெடுநேரம் வாசித்தால் வலி தோன்றும். பெரிய கையுடையவருக்கு மிக மெல்லிய கழுத்தும் இதே துன்பத்தைத் தரலாம். ஆகவே எல்லாக் கைகளுக்கும் பொருந்தும் ஒரே வடிவம் இல்லை.

செதுக்கும் முன் சிந்தனை

வலிக்குக் காரணம் கழுத்தின் வடிவம்தானா என்பதை முதலில் ஆராய வேண்டும். தந்திகள் மெட்டுகளிலிருந்து மிக உயரமாக இருந்தால் விரல்கள் கூடுதலாக அழுத்த நேரிடும். உயரத்தைக் குறைத்தால் போதும். தடித்த தந்திகளுக்கு மாற்றாக மெல்லியவற்றைப் பொருத்தலாம். தோள்வாரின் நீளத்தை மாற்றி மணிக்கட்டை நேராக்கலாம். இவை அனைத்தும் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடிய மாற்றங்கள். மரத்தைச் செதுக்குவது அவ்வாறன்று. சீவிய மரம் திரும்பி வாராது.

மேலும், ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அவ்விசையைத் தாங்க மரத்தின் உள்ளே ஓர் எஃகுத் தண்டு பொருத்தப்பட்டிருக்கும். சில கிட்டார்களில் அத்தண்டு வளைவாக அமைந்து, கழுத்தின் நடுப்பகுதியில் பின்புறத்தை நெருங்கியிருக்கும். ஆழம் அறியாமல் சீவினால் தண்டு வெளிப்பட்டுக் கழுத்தே பயனற்றுப்போகும்.

மரத்தின் விறைப்பும் கருதத்தக்கது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. 22 மில்லிமீட்டர் தடிமனை 20 ஆகக் குறைத்தால், மரத்தின் விறைப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறையும். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இரண்டு மில்லிமீட்டர் கருவிக்குப் பெரிது.

செய்முறை

தேர்ந்த கருவிப் பணியாளர் முதலில் தந்திகளைக் கழற்றுவார். வெர்னியர் அளவியால் பல மெட்டுகளின் நேர்ப்பின்புறத்தில் தடிமனை அளந்து குறித்துக்கொள்வார். வாசிப்பவருக்குப் பழகிய வேறொரு கிட்டாரின் வளைவை அட்டையில் வெட்டி மாதிரியாக வைத்துக்கொள்வதும் உண்டு. பின்னர்க் கழுத்தின் பின்புறம் முழுவதும் பென்சிலால் கோடுகள் இடுவார். அரத்தாலோ சுரண்டு தகட்டாலோ நீளவாக்கில் சீராக இழைக்கும்போது, கோடு மறைந்த இடம் இழைக்கப்பட்டது என்றும், மறையாத இடம் எஞ்சியுள்ளது என்றும் தெரியும்.

ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவே நீக்கப்படும். உடனே அளந்து, அட்டை மாதிரியோடு ஒப்பிட்டு, கையால் பற்றிப் பார்ப்பர். இறுதியில் சொரசொரப்பான உப்புத்தாளில் தொடங்கி நுண்ணிய உப்புத்தாள் வரை படிப்படியாகத் தேய்த்து, மெருகெண்ணெய் பூசுவர். பூசாத மரம் கைவியர்வையையும் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி வளைந்துவிடக்கூடும். தேய்க்கும்போது எழும் மரத்தூள் மூச்சுக்குக் கேடு விளைக்கும். ஆதலால் முகக்கவசம் இன்றியமையாதது.

சில கிட்டார்களில் கழுத்து திருகாணிகளால் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அத்தகையவற்றில் பழைய கழுத்தைக் கழற்றிப் பாதுகாத்துவிட்டு, வேறொரு கழுத்தைச் செதுக்கிப் பொருத்தலாம். தவறு நேர்ந்தாலும் மூலக்கருவி கெடாது.

நிறைவாக

சௌடையா தந்தியைக் கூட்டினார், ஸ்ரீநிவாஸ் குறைத்தார், மெக்லாக்லின் மரத்தைக் குழிவாக்கிய கிட்டாரை ஏற்றார். வழிகள் வேறாயினும், மூவரும் தமக்குத் தேவை எது என்பதைத் தெளிவாக அறிந்திருந்தனர். கழுத்தைச் செதுக்க விரும்புவோர்க்கும் அத்தெளிவே முதற்கருவி. அளவியும் அரமும் அதற்கு அடுத்தவை. எங்கே தொடங்குவது என்பதோடு எங்கே நிறுத்துவது என்பதையும் அறிந்தவர் கையில்தான் கருவி நலம் பெறும்.

சொற்பொருள்

கமகம் – சுரத்தை அசைத்தும் இழைத்தும் இசைத்தல்
மும்மடி – ஓர் எண்ணை அதே எண்ணால் இருமுறை பெருக்கி வரும் மதிப்பு
விறைப்பு – வளையாது நிற்கும் தன்மை

பயிற்சி

1. சௌடையா வயலினில் தந்திகளைச் சேர்த்ததன் காரணம் யாது?
2. வீணையின் எந்த அமைப்பு கிட்டாரில் புதிய மாற்றத்திற்கு வழிகாட்டியது?
3. 'சீவிய மரம் திரும்பி வாராது' – இத்தொடர் உணர்த்தும் எச்சரிக்கையை உமது சொற்களில் எழுதுக.
4. உமது கைக்கு ஏற்ப மாற்றி அமைத்த பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்களில் எழுதுக.