சன்னல் சாத்திய நாளின் விளக்கு

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகின்ற கச்சான் காற்றே தென்மேற்குப் பருவத்து இடவப்பாதிச் சாரலையும் உடன் கொண்டுவருவதால், நோயாளிகளுக்குக் காற்று மிகவும் அவசியமான அந்த நாட்களிலேயே நாஞ்சில் நாட்டு ஆஸ்பத்திரி வார்டுகளில் சன்னல்களைச் சாத்த நேர்கிறது.

அங்குள்ள ஆசாரிபள்ளத்தில் 2001 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறும் வளாகம் முன்பு க்ஷயரோக சானடோரியமாக இருந்தது. மருந்து காணப்படாத காலத்தில் காற்றும் வெயிலுமே அந்நோய்க்குச் சிகிச்சை. 1928இல் தாம்பரத்தில் சானடோரியம் தொடங்கிய டாக்டர் டேவிட் சௌரிமுத்துவும் திறந்தவெளிச் சிகிச்சையையே போற்றியவர். திறந்த சன்னல் நோயாளியை எவ்வளவு குணப்படுத்தியதோ தெரியாது; ஆனால் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரை நிச்சயமாகக் காத்தது.

சன்னல் சாத்தினால் அவ்வேலையைச் செய்ய ஒரு விளக்கு உண்டு. நம் வீட்டு டியூப் லைட்டின் உட்புறத்து வெள்ளைப் பூச்சை நீக்கி, சாதாரணக் கண்ணாடிக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிரை ஊடுருவ விடும் கண்ணாடியால் குழாயைச் செய்தால், உள்ளிருக்கும் பாதரச ஆவி 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள கதிரை வீசும். சூரியனிலிருந்து வரும் இத்தகைய கதிரை ஓசோன் மண்டலம் தடுத்துவிடுவதால், பூமியில் வாழும் கிருமிகள் அதைத் தாங்கப் பழகவில்லை. கிருமியின் மரபணுவில் அக்கதிர் பட்டவுடன் இழையின் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, கிருமி பெருகும் சக்தியை இழக்கிறது.

அமெரிக்காவில் வில்லியம் வெல்ஸ் என்பவர் பள்ளி வகுப்பறைகளில் இவ்விளக்குகளை மாட்டிவைத்து, 1941ஆம் ஆண்டுத் தட்டம்மைப் பரவலில் அவ்வறைகளின் குழந்தைகள் பெரும்பாலும் தப்பியதைக் காட்டினார். பிற ஊர்களில் அதே சோதனை பலிக்கவில்லை; குழந்தைகள் பள்ளிப் பேருந்திலும் பிற இடங்களிலும் நோயைப் பெற்றுக்கொண்டார்கள். தன் அறைக்கு வெளியே விளக்குக்கு அதிகாரம் ஏது? ஆனால் பெரு நாட்டின் லிமா நகரில், ஆஸ்பத்திரி வார்டின் காற்றையே சுவாசித்த கினிப் பன்றிகளில் விளக்கில்லாதபோது 35 சதவீதம் க்ஷயத் தொற்றடைய, விளக்கும் மின்விசிறியும் இயங்கியபோது 9.5 சதவீதமே தொற்றடைந்தன என்று 2009இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

மின்விசிறியைச் சாமானியமாக எண்ணிவிடக் கூடாது. இக்கதிர் நேரே பட்டால் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தும், தோலும் சிவக்கும். ஆகையால் ஏழடி உயரத்திற்கு மேல், ஒளி கீழே சிந்தாதபடி தகடுகள் பொருத்தி மாட்டுகிறார்கள். இருமலில் கிளம்பிய காற்றை அங்கே ஏற்றி அனுப்புவது விசிறியே. அது நின்றுபோன வார்டில் கூரையடிக் காற்று மட்டும் சுத்தமாகும், கட்டிலோரக் காற்று அப்படியே கிடக்கும்.

பெரும்பாலான ஸ்தாபனங்கள் விளக்கை வாங்குவதோடு கடமை தீர்ந்ததாகக் கருதிவிடுகின்றன. ஏறக்குறைய ஓராண்டு இடைவிடாது எரிந்தால் இக்குழாயின் கிருமி கொல்லும் சக்தி குன்றுகிறது, மேலே படியும் தூசியும் அதைக் குறைக்கிறது. ஆனால் அந்த நீலநிறப் பிரகாசம் மட்டும் முன்போலவே தெரியும். ஆதலால் அவ்விளக்கைக் காணும் வாசகர்கள், எரிகிறதா என்று பாராமல், குழாயைக் கடைசியாக மாற்றியது எப்போது என்று கேட்கும்படி வேண்டுகிறேன்.