இரு தரப்பிலும் கூலி வாங்கும் ஆலோசகர்கள்

சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்தவரை ஊரே பார்க்கிறது. அந்தச் சூதாட்டத்தை அனுமதிப்பதா தடுப்பதா என்று முடிவெடுக்கும் அறையில் யார் யாருக்காகப் பேசினார்கள் என்பதோ வெளியே தெரிவதில்லை. சட்டம் இயற்றுபவருக்கு ஆலோசனை சொல்பவர், அந்தச் சட்டத்தால் லாபமோ நட்டமோ அடையப்போகும் சூதாட்ட நிறுவனத்திடமும் பணம் வாங்கினால், அதற்குப் பெயர் நலன் முரண். லஞ்சம் கைமாறியதா இல்லையா என்பது அடுத்த கேள்வி. அவருடைய மற்ற முதலாளி யார் என்பதை மறைக்கும்போதே மக்கள் ஏமாற்றப்பட்டுவிடுகிறார்கள்.

டெக்சாஸில் நடந்தது

அமெரிக்காவின் எல் பாசோ நகரத்தில் டீவா என்ற பழங்குடியினர் ஒரு சூதாட்ட விடுதி நடத்தினார்கள். அதை மூட டெக்சாஸ் மாநில அரசு வழக்கு நடத்தியது. மூட வேண்டும் என்ற குரலுக்கு வலுச் சேர்க்க, கிறிஸ்தவ அமைப்பொன்றின் முன்னாள் தலைவரும் அரசியல் ஆலோசகருமான ரால்ஃப் ரீட் போதகர்களைத் திரட்டினார். சூதாட்டம் பாவம் என்று நம்பித்தான் அந்தப் போதகர்கள் வந்தார்கள். ஆனால் அந்தப் பிரசாரத்துக்கான பணம், பக்கத்து மாநிலமான லூசியானாவில் சூதாட்ட விடுதி நடத்திய இன்னொரு பழங்குடியினரிடமிருந்து வந்தது. போட்டிக் கடை மூடப்பட்டால் அவர்களுக்கு லாபம். பணத்தை அந்த வழியில் திருப்பிவிட்டவர் ஜாக் ஆப்ரமாஃப் என்ற வாஷிங்டன் அரசியல் தரகர்.

2002 பிப்ரவரியில் டீவா விடுதி மூடப்பட்டது. உடனே ஆப்ரமாஃப் அதே டீவா மக்களிடம் போய், நாடாளுமன்றம் வழியாக விடுதியைத் திறக்க வைப்பதாகச் சொன்னார். தனக்குக் கூலி வேண்டாம் என்றவர், தன் கூட்டாளி மைக்கேல் ஸ்கான்லனை அமர்த்தச் சொன்னார். அவர்கள் ஸ்கான்லனுக்கு 42 லட்சம் டாலர் கொடுத்தார்கள். அதில் பாதி ரகசியமாக ஆப்ரமாஃபுக்குப் போனது. விடுதியை மூட வேலை செய்தவர்தான் இவர் என்பது டீவா மக்களுக்குத் தெரியாது. தேர்தல் சீர்திருத்த மசோதா ஒன்றில் அவர்களுக்குச் சாதகமான ஒரு பிரிவை நுழைக்க ஆப்ரமாஃபும் ஸ்கான்லனும் பாப் நே என்ற நாடாளுமன்ற உறுப்பினரை நாடினார்கள். அந்தப் பிரிவு கடைசிவரை சட்டமாகவில்லை. அதே ஆண்டு ஆப்ரமாஃபின் ஏற்பாட்டில் நே ஸ்காட்லாந்துக்குக் கோல்ஃப் ஆடப் போய்வந்தார்.

2004இல் பத்திரிகைகள் இதை வெளிக்கொண்டுவந்தன. அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு ஆப்ரமாஃபின் மின்னஞ்சல்களைத் தோண்டி எடுத்தது. 2006இல் ஆப்ரமாஃபும் நேயும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இருவரும் சிறை சென்றார்கள். ரீட் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை. 2007இல் அரசியல் தரகர்களுக்கான விதிகளை அமெரிக்கா இறுக்கியது. 2020இல் வேறொரு விவகாரத்தில், அந்த விதிகளை மீறியதை ஆப்ரமாஃபே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

நம் நாட்டில் என்ன நிலை?

இந்தியாவில் அரசியல் தரகர்களைப் பதிவு செய்யவைக்கும் சட்டமே இல்லை. தேர்தல் வியூக நிறுவனங்கள் கட்சிகளுக்கு வேலை பார்க்கின்றன. அவற்றின் மற்ற வாடிக்கையாளர்கள் யார் என்று மக்களுக்குச் சொல்ல எந்தச் சட்டமும் அவற்றைக் கட்டாயப்படுத்துவதில்லை.

கட்சி நன்கொடையிலும் இதே மறைப்புதான். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரங்களைப் பாருங்கள். பத்திரம் வாங்கியோர் பட்டியலில் முதலிடம் பிடித்தது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். அது வாங்கியது 1,368 கோடி ரூபாய்க்கு. திரிணமூல் காங்கிரஸ், தி.மு.க., ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், பா.ஜ.க. எனப் பல கட்சிகளுக்கு அந்தப் பணம் போனது. அன்றைய சட்டப்படி இது குற்றமல்ல. ஆனால் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தை ரத்து செய்து விவரங்களை வெளியிட உத்தரவிடும்வரை, லாட்டரிப் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பதை வாக்காளர் அறிய வழியே இருக்கவில்லை.

உங்கள் கையில் இருக்கும் உரிமைகள்

நன்கொடை விவரம்: ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். அது ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும்.

வேட்பாளர் பிரமாணப் பத்திரம்: வேட்பாளர், துணைவர், அவரைச் சார்ந்தவர்கள் வைத்திருக்கும் பங்குகளும் வருமானம் வரும் வழியும் அதில் இருக்க வேண்டும். வாக்களிக்கும் முன் படியுங்கள்.

மாநிலங்களவைப் பதிவேடு: நிறுவன இயக்குநர் பதவி, ஊதியம் பெறும் ஆலோசனைப் பணி போன்றவற்றை மாநிலங்களவை உறுப்பினர்கள் அறிவிக்க வேண்டும்.

தகவல் அறியும் உரிமை: பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம். ஒரு சட்டமோ விதியோ வருவதற்கு முன் எந்த நிறுவனங்கள் கோரிக்கை மனு தந்தன, எந்தக் கூட்டங்களில் யார் கலந்துகொண்டார்கள், கோப்பில் அதிகாரிகள் என்ன எழுதினார்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். வணிக ரகசியம் என்று மறுத்தால் சோர்ந்துவிட வேண்டாம். பொதுநலன் பெரிதாக இருந்தால் அதையும் வெளியிடலாம் என்று சட்டமே சொல்கிறது.

புகார்: லஞ்சம் வாங்கிக்கொண்டு அவையில் வாக்களித்த உறுப்பினருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்று 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 2018 முதல் லஞ்சம் கொடுப்பதும் நேரடியாகவே தண்டனைக்குரிய தனிக் குற்றம். ஆதாரம் இருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ, ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்புகளான மத்திய லோக்பால் அல்லது மாநில லோக் ஆயுக்தாவிடமோ எழுத்தில் கொடுங்கள். வெறும் சந்தேகத்தை ஆதாரமாக்காதீர்கள். பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு.

இனி வேண்டியது

ஆன்லைன் பணச் சூதாட்டத்தை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டம் 2025இல் வந்துவிட்டது. இத்துடன் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. தடையைத் தளர்த்தவும், ஒரு விளையாட்டைச் சூதாட்டப் பட்டியலிலிருந்து வெளியே எடுக்கவும் பெரும் பணம் காத்திருக்கும். விதியில் ஒரு சொல் மாறினால் ஒரு நிறுவனம் கோடிகளை அள்ளலாம். அந்தச் சொல்லால் எத்தனையோ வீடுகள் கடனில் மூழ்கலாம்.

எனவே மூன்று விஷயங்களைச் சட்டமாக்கச் சொல்லிக் கேட்போம். அரசியல் ஆலோசகர்களும் தரகர்களும் தங்கள் வாடிக்கையாளர் பட்டியலைப் பொதுவில் பதிவு செய்ய வேண்டும். அமைச்சர்களும் உயர் அதிகாரிகளும் நிறுவனப் பிரதிநிதிகளைச் சந்தித்த விவரம் வெளியாக வேண்டும். பதவியிலிருந்து விலகியவர்கள், தாங்கள் கட்டுப்படுத்திய தொழிலில் சில ஆண்டுகள் வேலைக்குச் சேரக் கூடாது. ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இவற்றை ஆதரிப்பீர்களா என்று கேளுங்கள். நம்முடைய ஓட்டில் பதவிக்கு வருபவர், யாருடைய யோசனையைக் கேட்டு நடக்கிறார் என்பதை அறியும் உரிமை நமக்கு உண்டு.