பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சேசிஸைப் பலப்படுத்துவது அவசியமா?

பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போனால் ஒரு யோசனையைக் கேட்காமல் திரும்புவது அரிது: “சேசிஸுக்குக் கூடுதல் இரும்பு வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள், கார் உறுதியாக ஓடும்.” அந்தச் செலவு உண்மையிலேயே பயன் தருமா?

1962இல் அறிமுகமாகி 1980 வரை தயாரான எம்ஜிபி காரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முந்திய எம்ஜிஏ காரில் தனிச் சட்டகம் இருந்தது. எம்ஜிபியில் அது இல்லை. தகடுகளை இணைத்துச் செய்த உடற்கூடே பாரத்தைத் தாங்குகிறது. கூரை இல்லாத ரகத்தில், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் ‘சில்’ எனப்படும் பெட்டிப் பகுதிகளுக்கும் நடுவிலுள்ள சுரங்கப் பகுதிக்கும் அந்தப் பொறுப்பு கூடுதல்.

மூடி இல்லாத அட்டைப்பெட்டியை இரு முனைகளிலும் பிடித்து முறுக்கினால் எளிதில் வளையும். மூடியை ஒட்டிவிட்டால் வளையாது. திறந்த கார் மேடுபள்ளத்தில் ஏறும்போது கண்ணாடிச் சட்டமும் டாஷ்போர்டும் லேசாக அதிர்வதற்குக் காரணம் இதுதான்.

உடற்கூடு அதிகம் முறுக்கினால், அதுவே இன்னொரு ஸ்பிரிங் போலச் செயல்படும். ஆனால், அந்த அசைவை அடக்க அதற்கென ஷாக் அப்சார்பர் கிடையாது. அதனால் சக்கரங்களின் பிடிப்பு ஓட்டுநரின் கணக்குக்குள் அடங்காமல் போகிறது. அகலமான டயர், கடினமான ஸ்பிரிங், சக்திமிக்க இயந்திரம் ஆகியவற்றைப் பொருத்திப் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்குப் பலப்படுத்துவது அவசியம். அவர்கள் பொருத்தும் பாதுகாப்புக் கூண்டே அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்துவிடும்.

வார இறுதியில் மட்டும் ஓடும் காருக்கோ நிலைமை வேறு. பழைய அளவு டயர், மென்மையான ஸ்பிரிங் ஆகியவற்றுக்கு ஏற்பவே அந்த உடற்கூடு வடிவமைக்கப்பட்டது. காரில் ஆட்டம் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது துருவை. நம் ஊர் மழையிலும் ஈரக்காற்றிலும் சில்லின் உட்புறம் அரித்துப் போயிருக்கலாம். வெளித்தகடு மட்டும் பளபளப்பாக நிற்கும்.

இதற்கு எளிய சோதனை உண்டு. சமதரையில் பாதுகாப்பாக, காரின் ஒரு மூலையை மட்டும் ஜாக்கியால் மெல்ல உயர்த்திக் கதவின் இடைவெளியைக் கவனிக்க வேண்டும். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி சுருங்கினாலோ, கதவு இடித்தாலோ, உள்ளே பலம் குறைந்திருக்கலாம். அரித்த பகுதியை வெட்டி எடுத்து, முழுமையாகப் புதிய தகடு வைப்பதே தீர்வு. துருவின் மேல் இரும்பை ஒட்டினால் ஈரம் இடுக்கில் தங்கி அரிப்பு தொடரும்.

கண்மூடித்தனமாகப் பலப்படுத்துவதால் வேறு சிக்கல்களும் வரும். எடை கூடும், ஓரிடத்தை இறுக்கினால் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்துக்கு நகர்ந்து அங்கே விரிசல் விடலாம். கார் வளைந்த நிலையிலேயே வெல்டிங் செய்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். அசல் நிலையில் உள்ள காரைத் தேடுபவர்களிடம் அதன் மதிப்பும் குறையலாம்.

எனவே துருவை நீக்குவது, தேய்ந்த ரப்பர் புஷ்களை மாற்றுவது, அதன் பிறகும் குறை தெரிந்தால் கழற்றக்கூடிய போல்ட் வகைத் தாங்கிகளைப் பொருத்திப் பார்ப்பது என்ற வரிசையில் செல்வதே சிக்கனம். கட்டமைப்பில் கை வைக்குமுன், மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறையிடமும் சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் விதிகளைக் கேட்டறிவது பிற்கால அலைச்சலைத் தவிர்க்கும்.