குழாய் காத்த உயிர், குழாய் வேண்டாத வாழ்வு

முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் குழந்தைக்கு, அதாவது ஸ்பைனா பிஃபிடா உள்ள குழந்தைக்கு, ஆபத்து முதுகோடு நிற்பதில்லை. பெரும்பாலும் மூளையின் பின்பகுதி கழுத்துக்குள் இறங்கி, மூளைநீர் வெளியேறும் வழியை அடைக்கிறது. நீரோ நாள்தோறும் சுரந்துகொண்டே இருக்கும். தலை பெருக்கும், மூளை நசுங்கும்.

அன்று

1950-களின் நடுப்பகுதி வரை இதற்கு நம்பகமான சிகிச்சை இல்லை. நீரை வேறிடத்துக்குத் திருப்ப வைத்த குழாய்கள் விரைவிலேயே அடைத்துக்கொண்டன. முதுகுப் புண்ணை மூடிய பிறகும் தலையில் நீர் கோத்துக் குழந்தைகள் இறந்தார்கள்.

1955-இல் அமெரிக்காவில் பிறந்த கேஸி ஹோல்டரும் அப்படியொரு குழந்தைதான். தந்தை ஜான் ஹோல்டர் பூட்டு நிறுவனமொன்றில் தொழில்நுட்பப் பணியாளர். ஃபிலடெல்ஃபியாவில் மகனுக்குச் சிகிச்சையளித்த யூஜின் ஸ்பிட்ஸிடம் அவர் கேட்டறிந்தது இதுதான்: அழுத்தம் கூடினால் திறந்து, குறைந்தால் மூடி, குழாய் சேரும் இதயத்திலிருந்து இரத்தத்தைப் பின்னோக்கி விடாத வால்வு வேண்டும். 1956-இல் சிலிகோனில் அதைச் செய்தே காட்டினார். கேஸி சில ஆண்டுகளே வாழ்ந்தான். ஆனால் அந்த வால்வு உலகெங்கும் குழந்தைகளைப் பிழைக்கவைத்தது. முதலில் இதயத்துக்குச் சென்ற குழாய் பின்னர் வயிற்றுக்குள் சென்றது. மூளைநீரைத் திருப்பிவிடும் இன்றைய குழாயான ஷண்ட் அதன் வாரிசு.

இன்று

ஷண்ட் உயிரைத் தந்தது. கூடவே வாழ்நாள் கவலையையும் தந்தது. குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்ட்களில் ஏறத்தாழ 40 சதவீதம் முதல் ஆண்டிலேயே பழுதாகின்றன. நரம்பியல் அறுவை மருத்துவர் அருகில் இல்லாத ஊரில் ஒரு அடைப்பே உயிரைப் பறித்துவிடும். அதனால்தான் இன்றைய மருத்துவம் 'ஷண்டை எப்படி வைப்பது' என்பதற்கு முன் 'வைக்காமல் இருக்க முடியுமா' என்று கேட்கிறது.

இதற்கு வலுவான பதில் உகாண்டாவின் உம்பாலே நகரிலிருந்து வந்தது. அங்கே நரம்பியல் அறுவை மருத்துவர் பெஞ்சமின் வார்ஃப், உச்சிக்குழி வழியே எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, மூளையின் மூன்றாம் அறையின் தரையில் துளையிட்டு நீருக்குப் புதுவழி திறந்தார். நீரைச் சுரக்கும் திசுவையும் சுட்டுக் குறைத்தார். ஸ்பைனா பிஃபிடா உள்ள பச்சிளங்குழந்தைகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினருக்கு இது பலித்தது.

இன்னொரு பதில் கருப்பையிலேயே தொடங்குகிறது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிறந்தபின் முதுகை மூடிய குழந்தைகளில் 82 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் ஷண்ட் வைக்கப்பட்டது. 26 வாரத்துக்குள் கருவிலேயே மூடியவர்களில் 40 சதவீதத்தினருக்கே அது தேவைப்பட்டது. குறைப்பிரசவம், தாயின் கருப்பை மெலிதல் ஆகிய அபாயங்கள் இதில் உண்டு. முடிவெடுக்கும் பெற்றோரிடம் அவற்றையும் மறைக்கக் கூடாது.

அறுவைச் சிகிச்சையின் பெருமை, குழந்தை மீண்டும் அறுவை மேசைக்கு வராமல் வளர்வதில்தான் இருக்கிறது. ஆனால் ஷண்டோடு வாழ்பவர்கள் இன்னும் ஏராளம்; அவர்களில் பலர் இன்று பெரியவர்கள். தலைவலி, வாந்தி, அயர்வு கண்டால் தாமதிக்காமல் செல்ல அவர்களுக்கு ஒரு மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிழைக்கவைத்த மருத்துவத்துக்கு அந்தக் கடமை வாழ்நாள் முழுதும் உண்டு.