சோலைவரி கட்டினால் மட்டும் போதுமா? புறநகர் முஸ்லிம்களும் உள்ளூராட்சி சபைகளும்

கொழும்பைச் சூழவுள்ள புறநகர்ப் பகுதிகளில் வாழும் எமது மக்களின் வட்ஸ்அப் குழுமங்களில் ஜனாஸா அறிவித்தல்களுக்கு அடுத்தபடியாகத் தவறாமல் வருபவை சில முறைப்பாடுகள். 'இரண்டு வாரமாகக் குப்பை வண்டி வரவில்லை', 'வடிகான் நிரம்பி ஒழுங்கைக்குள் தண்ணீர்', 'சுபஹுக்குப் பள்ளிக்குப் போகும் வழியில் லைட் எரியவில்லை'. பத்துப் பேர் ஆதங்கப்படுவார்கள். தனக்குத் தெரிந்த உறுப்பினருக்கு கோல் எடுத்ததாக ஒருவர் சொல்வார். அத்தோடு விடயம் அடங்கிவிடும். அடுத்த மழைக்கு அதே செய்தி மீண்டும் வரும்.

இதில் சபைகளின் அசமந்தப் போக்கு இருப்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால் எமது பக்கத்திலும் ஒரு பெரிய குறை இருக்கிறது. நாம் உள்ளூராட்சி சபையை ஒரு 'தெரிந்த ஆள்' ஊடாகவே அணுகிப் பழகிவிட்டோம். அது எப்படி இயங்குகிறது, எதற்குப் பொறுப்பு, எப்போது தீர்மானம் எடுக்கிறது என்பதை அறிந்துகொள்ள முயற்சிப்பதில்லை. தெரிந்த ஆள் தேர்தலில் தோற்றாலோ, கட்சி மாறினாலோ எமது ஒழுங்கையும் இருண்டு விடுகிறது.

முதலில் எமது சபை எது என்பதையே பலர் அறிந்திருப்பதில்லை. கொலன்னாவைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். கொலன்னாவைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் கொலன்னாவை நகர சபை, கொட்டிகாவத்தை – முல்லேரியா பிரதேச சபை என இரண்டு சபைகள் உள்ளன. தெமட்டகொடைப் பக்கமாகச் சற்று நகர்ந்தால் கொழும்பு மாநகர சபையின் எல்லை வந்துவிடும். ஒரே பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுபவர்கள் வெவ்வேறு சபைகளுக்கு வரி செலுத்துவது இப்படியான எல்லைப் பகுதிகளில் சாதாரண விடயம். தவறான சபைக்குக் கொடுத்த கடிதம் மேசை மேசையாக அலைந்து காணாமல் போவதில் வியப்பில்லை.

அடுத்தது, எல்லா வேலையும் சபையின் வேலையல்ல. குப்பை அகற்றல், ஒழுங்கைகளும் உள்வீதிகளும், வீதியோர வடிகான்கள், வீதி விளக்குகள், பொதுச் சந்தை, இறைச்சிக் கடை அனுமதி, பொது மயானம், நூலகம், விளையாட்டு மைதானம், கட்டட அனுமதி ஆகியவை பொதுவாக சபையைச் சேர்ந்தவை. குழாய் நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. மின் விநியோகம் அந்தந்த இடத்துக்குரிய மின் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு. பிரதான 'ஏ', 'பீ' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. கொழும்பைச் சூழவுள்ள பெரிய கால்வாய்களைப் பராமரிப்பது இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம்.

இந்த வேறுபாடு ஏட்டுக்கு மட்டுமல்ல. ஒழுங்கை வடிகானை சபை துப்புரவு செய்தாலும், அது போய்ச் சேரும் கால்வாய் அடைபட்டிருந்தால் தண்ணீர் திரும்பி வீட்டுக்குள்தான் வரும். அப்போது இரண்டு நிறுவனங்களுக்கும் எழுதி, ஒன்றின் பிரதியை மற்றதற்கும் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்வார்கள். 2016 மே மாத வெள்ளத்தில் வெல்லம்பிட்டி, கொலன்னாவை மக்கள் பட்ட துயரை நாடே பார்த்தது. களனி கங்கை பெருக்கெடுப்பதை எந்தச் சபையாலும் தடுக்க முடியாது. ஆனால் சாதாரண மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதற்குக் கங்கையைக் குற்றம் சொல்லவும் முடியாது. அங்கே வடிகானும், நிரப்பப்பட்ட சதுப்பு நிலமும், அனுமதியின்றிக் கட்டப்பட்ட மதிலும்தான் காரணம். இவை மூன்றும் யாரோ ஓர் அதிகாரியின் மேசையைக் கடந்து சென்றவை, அல்லது அந்த மேசைக்கே வராமல் நடந்தவை.

உள்ளூராட்சி விடயங்களில் குரல் இல்லாமல் போவதன் விலை என்ன என்பதற்கு மீதொட்டமுல்லையை விடப் பெரிய பாடம் தேவையில்லை. கொழும்பு மாநகரின் குப்பை பல ஆண்டுகளாக கொலன்னாவைப் பகுதியில் மலையாகக் குவிக்கப்பட்டது. அங்கு வாழ்ந்த மக்கள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், நீதிமன்றம் சென்றார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அந்தக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாகின. குப்பையைக் கொட்டியது ஒரு சபை. அதன் கீழ் வாழ்ந்தவர்களோ அந்தச் சபைக்கு வாக்களிக்கும் உரிமையற்ற அயல் பிரதேச மக்கள். தமக்கு வாக்களிக்காதவர்களின் வேதனை எந்த அரசியல்வாதியின் தூக்கத்தையும் இலகுவில் கெடுப்பதில்லை.

கொழும்பின் குப்பைக்கான இடமாகப் புத்தளம் மாவட்டத்தின் அருவக்காலு தெரிவு செய்யப்பட்டது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புத்தளம் மக்கள் இன, மத வேறுபாடின்றி வீதிக்கு இறங்கியதை நாம் அறிவோம். அங்குள்ள எமது சகோதரர்களுக்காக முகநூலில் ஆதரவுக் குரல் எழுப்பிய நாம், அந்தக் குப்பையில் ஒரு பகுதி எமது சமையலறைகளிலிருந்து போவது என்பதை எத்தனை பேர் யோசித்தோம்? உக்கும் குப்பையை வேறாக்கி வீட்டிலோ சபையின் கூட்டெருத் திடலிலோ சேர்த்தால், தூர இடங்களுக்குப் போகும் தொகை அந்தளவுக்குக் குறையும். புத்தளத்துக்கு நாம் செய்யக்கூடிய உண்மையான உதவி அதுதான்.

வாக்குரிமை பற்றிய இன்னொரு விடயம் புறநகர் முஸ்லிம்களுக்கு மிக நெருக்கமானது. தெஹிவளை, வெல்லம்பிட்டி, மாபோலை போன்ற இடங்களில் வாடகைக்கு வாழும் எமது குடும்பங்கள் பல கண்டி, பேருவளை, காத்தான்குடி, அக்கரைப்பற்று என வெளியூர்களிலிருந்து தொழிலுக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வந்தவை. இவர்களில் கணிசமானோர் வாக்காளர் இடாப்பில் இன்னும் சொந்த ஊரிலேயே பதிவாகியுள்ளனர். ஊர்ப்பற்று நல்லதுதான். ஆனால் பத்து வருடமாக வாழும் ஒழுங்கையில் அவர்கள் வாக்காளர்கள் அல்ல. எனவே அந்த வட்டாரத்து உறுப்பினரின் கணக்கில் அவர்கள் இல்லை.

தற்போதைய தேர்தல் முறையில் சபை உறுப்பினர்களில் 60 வீதமானோர் வட்டாரங்களிலிருந்தும் 40 வீதமானோர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். வட்டாரம் என்பது சிறிய பரப்பு. சில நூறு வாக்குகள் அங்கு முடிவையே மாற்றக்கூடும். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் பிற்போடப்பட்டு, 2025 மே 6 ஆம் திகதி வாக்களிப்பு நடக்கும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இன்றி அதிகாரிகளே சபைகளை நடத்தினர். அந்தக் காலத்தில் முறையிட ஆளின்றித் தவித்தவர்கள், இப்போது ஆள் இருக்கும்போது தமது பதிவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நிரந்தரமாக எங்கே வாழ்கிறோமோ அங்கே பதிவதற்கு, வாக்காளர் இடாப்பு மீளாய்வு நடக்கும் காலத்தில் கிராம உத்தியோகத்தரைச் சந்திப்பதே முதல் படி. வீட்டு உரிமையாளர்கள் இதற்கு முட்டுக்கட்டை போடாமல் ஒத்துழைக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். சோலைவரி என்று நாம் சொல்லும் மதிப்பீட்டு வரி சபைகளின் பிரதான வருமானங்களில் ஒன்று. இது காலாண்டு அடிப்படையில் அறவிடப்படுகிறது. முழு ஆண்டுக்குரிய தொகையை ஜனவரி 31 ஆம் திகதிக்கு முன் செலுத்தினால் 10 வீதமும், அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் செலுத்தினால் 5 வீதமும் கழிவு வழங்குவது சபைகளின் வழமை. வாடகைக்கு இருப்பவர் 'வரி கட்டுவது வீட்டுக்காரர், எனக்கென்ன?' என்று நினைக்கிறார். ஆனால் அவர் கொடுக்கும் வாடகைக்குள் அந்த வரியும் அடக்கம். கேள்வி கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு.

அந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்பதும் முக்கியம். சபையின் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் வருட இறுதியில் தயாராகிறது. ஒரு வடிகானுக்கு மூடி போடுவதா, ஒரு வீதிக்குக் கொங்கிறீட் இடுவதா என்பது அங்கே தீர்மானிக்கப்படுகிறது. ஜனவரியில் போய்க் கேட்டால் 'இந்த வருடத்துக்கு ஒதுக்கீடு இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். செப்டம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே எழுத்து மூலமான கோரிக்கை வட்டார உறுப்பினர், தவிசாளர், செயலாளர் ஆகியோரின் கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். மாநகர சபையாயின் மேயருக்கும் ஆணையாளருக்கும் அனுப்ப வேண்டும்.

'எழுத்து மூலம்' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியுள்ளது. கோல் எடுத்ததற்குச் சாட்சி இல்லை. திகதி, ஒழுங்கையின் பெயர், விளக்குக் கம்பத்தின் இலக்கம், இரண்டு புகைப்படங்கள், அயலவர்களின் கையொப்பம் ஆகியவற்றுடன் ஒரு பக்கக் கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதிகளிலும் தமிழில் எழுதித் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு எமக்குத் தந்திருக்கிறது. எனினும் ஒரு சிங்களப் பிரதியையும் இணைத்தால் வேலை விரைவாகும். அத்துடன் சிங்கள அயலவர்களும் அதில் கையொப்பமிடலாம்.

பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 'எமது வட்டாரத்தில் குப்பை வண்டிக்கான கால அட்டவணை என்ன? கடந்த வருடம் இந்த வீதிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டு, எவ்வளவு செலவானது?' என்று சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யவும், அதிலும் திருப்தி இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவை நாடவும் வழியுண்டு. சட்டத்தரணி தேவையில்லை. உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை எழுதக்கூடிய கடிதம்தான் இது.

இவ்வளவும் சபையிடம் கேட்க வேண்டியவை. எம்மிடம் நாமே கேட்க வேண்டியவையும் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் உழ்ஹிய்யாக் கழிவுகளை எங்கே போடுவது என்று அறுத்த பின்னர் யோசிக்கும் நிலை இன்னும் சில இடங்களில் இருக்கிறது. கால்வாயில் வீசப்படும் ஒரு மூட்டை, அந்த மஹல்லாவின் இபாதத்தையே அயலவர் கண்ணில் அருவருப்பாக்கி விடுகிறது. பெருநாளுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே பள்ளிவாசல் நிர்வாகம் சபையுடனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருடனும் பேசி, கழிவு அகற்ற வாகனமும் இடமும் ஒழுங்கு செய்தால் இந்தப் பிரச்சினையே எழாது. வலீமா, இப்தார் நிகழ்ச்சிகளில் மிஞ்சும் உணவும் லன்ச் ஷீட்டும் ஒரே பையில் கட்டப்பட்டு வீதியோரம் வைக்கப்படுவதும் அப்படித்தான். நாய் கிழித்துப் போட்டால் அது அன்றிரவே வடிகானுக்குள் போய்விடும்.

டெங்கு விடயத்திலும் இதே பொறுப்புண்டு. 2017 இல் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குவினால் பாதிக்கப்பட்டனர். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வீட்டுக்கு மட்டுமல்ல, பள்ளிவாசலுக்கும் மத்ரஸாவுக்கும் பொருந்தும். பாவிக்காத ஹவ்ழும் கூரைப் பீலியும் பரிசோதகர் வருவதற்கு முன்னர் எமது கண்ணில் பட வேண்டும்.

புறநகர்களில் எம்மிடம் இருக்கும் மிக ஒழுங்கான அமைப்பு மஹல்லாப் பள்ளிவாசல்தான். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது சபையை விடப் பள்ளிவாசலுக்கு நன்றாகத் தெரியும். ஸகாத், ஜனாஸா, மக்தப் என்பவற்றுக்குக் குழு வைத்திருப்பது போல, உள்ளூராட்சி விடயங்களுக்கும் நான்கு பேர் கொண்ட ஒரு குழு போதும். அதில் ஓர் இளைஞர், சிங்களம் நன்றாக எழுதக்கூடிய ஒருவர், கட்டாயமாக ஒரு பெண் இருக்க வேண்டும். குப்பை வண்டி வராத நாளின் கஷ்டம் வீட்டில் இருக்கும் பெண்ணுக்குத்தான் தெரியும். அந்தக் குழு எந்தக் கட்சியின் கிளையாகவும் மாறக் கூடாது. தேர்தல் காலத்தில் மேடை ஏறினால் மறுநாள் அதன் கடிதத்துக்கு மதிப்பிருக்காது.

இது முஸ்லிம்களுக்கு மட்டுமான குழுவாக நின்றுவிடவும் கூடாது. எமது ஒழுங்கையின் வடிகான் பன்சலைக்குப் பின்னாலும் கோயிலுக்கு முன்னாலும் ஓடுகிறது. 2019 க்குப் பின்னர் அயலவர்களுக்கிடையே விழுந்த சந்தேகத்தை நல்லிணக்க மாநாடுகள் எந்தளவு போக்கின என்பது விவாதத்துக்குரியது. ஆனால் ஒரே வடிகானுக்காக ஒரே கடிதத்தில் கையொப்பமிட்டு, ஒரே நாளில் சபைக்குச் சென்று வந்த இரண்டு அயலவர்கள், அதன் பிறகு ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். அடுத்த வருடத்துக்கான வரவு செலவுத் திட்டம் தயாராகுமுன் அப்படியொரு கடிதம் உங்கள் மஹல்லாவிலிருந்து போகட்டும்.